பெயர் தறியில் ஏறிய பின்

ஏழுமலை மாப்ள, ஒரு நாளும் நேரம் தவறாத என் ஏழுமலைக்கு,

மணி மூன்றே கால். ஆறு மணிக்குள் நான் ஒரு வரியை அச்சகத்துக்கு அனுப்ப வேண்டும். அந்த வரியில் உன் பெயர் வருமா, தனபால் பெயர் வருமா என்று மூன்று நாளாக உட்கார்ந்து யோசிக்கிறேன். கேட்க வேண்டிய ஆள் நீ. நீ போய்ச் சேர்ந்து பதினோரு மாதம் ஆகிறது. கேட்க வேண்டிய காலத்தில் நான் கேட்கவில்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஊர்ச் செய்தி ஒன்று. நம் நாலு நாள் ரேஸ் திரும்ப வருகிறது. பல வருடம் நின்றுபோயிருந்ததே, அதே ரேஸ்தான். கண்ணமங்கலம், போளூர், கலசப்பாக்கம், ஜவ்வாது மலை, வந்தவாசி என்று சுற்றிவிட்டு ஆரணியில் முடியும் அதே வழி. இப்போது ஓட்ட வருகிறவர்கள் பெங்களூரிலிருந்தும் புனேயிலிருந்தும் வருகிறார்கள். சைக்கிளில் ஒரு மின்னணுச் சில்லு பொருத்துவார்களாம். கோட்டைத் தாண்டியதும் அதுவே நேரத்தைச் சொல்லிவிடுமாம். சில்லுக்குத் தங்கை கிடையாது, உன்னைப் போல் தங்கை வீட்டுக்காரரும் கிடையாது. நல்ல ஏற்பாடு.

விழா மலரில் ரேஸின் வரலாற்றை நான் எழுத வேண்டும் என்று கேட்டார்கள். எழுதத் தெரிந்தவன் என்று ஊரில் எனக்கு ஒரு கெட்ட பெயர் இருப்பது உனக்குத் தெரியும். ஒப்புக்கொண்டேன். ஒரு வருடத்தைத் தவிர எல்லா வருடத்தையும் எழுதி முடித்துவிட்டேன்.

முதல் வருடத்தை எழுதுவது சுலபமாக இருந்தது. முதலில் வந்த வீரரை ஊர் எல்லையில் நிறுத்திவைத்தார்கள், ஞாபகம் இருக்கிறதா? சிறப்பு விருந்தினர் இன்னும் வந்து சேரவில்லை. இரண்டாவதாக வந்தவரையும் நிறுத்தினார்கள். விருந்தினர் கார் வந்தபோது எல்லா வீரர்களும் ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். பிறகு அவர்களை வந்த வரிசைப்படியே அனுப்பிவைத்தார்கள். இதை மலரில் 'விருந்தோம்பல்' என்ற துணைத்தலைப்பில் எழுதியிருக்கிறேன்.

இரண்டாம் வருடம், முன்னிலையில் இருப்பவருக்குப் பட்டுச் சட்டை தந்தார்கள். ஆரணியில் வேறு என்ன தருவார்கள்? வியர்வையில் பட்டு ஒட்டிக்கொண்டது, ஜரிகை அக்குளை அறுத்தது. முன்னிலை வீரர் ஒரு கையால் ஓட்டி, மறு கையால் சொறிந்துகொண்டே போய் ஒன்பதாவது இடத்துக்கு இறங்கினார். அதன்பின் யாரும் முன்னிலைக்கு வர ஆசைப்படவில்லை. சட்டையை நிறுத்திய பிறகுதான் ரேஸ் சூடு பிடித்தது.

வீரர்களைப் பட்டுக்கடைக்காரர்கள் சம்பளம் கொடுத்து வைத்துக்கொண்டார்கள். நீ ஒரு கடைக்கு, தனபால் ஒரு கடைக்கு. உன் பனியனின் முதுகில் 'எங்களுக்கு வேறு கிளைகள் இல்லை' என்று எழுதியிருந்தது. உன்னைத் துரத்தி வந்தவர்கள் எல்லாரும் நாலு நாளும் அதைத்தான் படித்தார்கள்.

இனி அந்த வருடத்துக்கு வர வேண்டும். அதற்கு முன் தறியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், உனக்கு அல்ல, இதைப் படிக்கப்போகும் மற்றவர்களுக்கு.

ஜெயித்தவருக்குப் பரிசு ஒரு பட்டுப் பொன்னாடை. அதில் அவர் பெயரை ஜரிகையில் நெய்திருக்க வேண்டும், அதை மேடையிலேயே போர்த்த வேண்டும் என்பது ரேஸ் கமிட்டித் தலைவர் போட்ட விதி. தலைவர் பெரிய பட்டு வியாபாரி. பட்டு எப்படி உருவாகிறது என்று அவரைவிட நன்றாக அறிந்தவர் ஊரில் இல்லை. அவரே இந்த விதியைப் போட்டார். பெயரை நெய்ய முதலில் அட்டைகளில் எழுத்துக்கு எழுத்து ஓட்டை குத்த வேண்டும், அட்டைகளைத் தறிக்கு மேலே ஏற்ற வேண்டும், பிறகு நெய்ய வேண்டும். ரேஸ் முடிந்த அரை மணியில் நடக்கிற காரியமா?

அதனால் ஒரு வழக்கம் வந்தது. மலை ஏறும் மூன்றாம் நாள் முடிந்ததும் யார் முன்னிலையோ அவர் பெயர் தறிக்குப் போய்விடும். பெயர் தறியில் ஏறிவிட்டால் நாலாம் நாள் யாரும் அவரை முந்தப் பார்க்கக் கூடாது. யாரும் எழுதிவைக்கவில்லை. ஆனால் எல்லாரும் மதித்தார்கள். நாலாம் நாள் என்பது நாற்பது பேர் சேர்ந்து போகும் சைக்கிள் ஊர்வலம். "தறி ஏறிடுச்சுபா" என்று யாராவது சொன்னால், அதன்பின் பேச்சு இல்லை. நீளமான பெயர்க்காரர் ஒருவர் ஒரு வருடம் மலையில் முன்னால் போக, நெசவாளர்கள் கவலைப்பட்டார்கள். அவருக்கு இறக்கத்தில் டயர் பஞ்சரானது. தற்செயல்தான் என்று எழுதியிருக்கிறேன்.

அந்த வருடம் மலையிலிருந்து இறங்கியபோது தனபால் உன்னைவிட ஒரு நிமிடம் பத்து விநாடி முன்னால். அவர் பெயர் தறியில் ஏறியது.

மறுநாள் வந்தவாசியிலிருந்து கிளம்பினீர்கள். வழியில் ஒரு கடைக்காரர் எல்லாருக்கும் பன்னீர் சோடா கொடுத்தார். எல்லாரும் ஒரு கையில் பாட்டிலை வாங்கினார்கள். நீ மட்டும் வாங்கவில்லை. மற்றவர்கள் கத்தியதையெல்லாம் பின்னால் ஜீப்பில் வந்த பையன்கள்தான் எனக்குச் சொன்னார்கள்.

"டேய் ஏழுமல, எங்கடா ஓடற? தறி ஏறிடுச்சுடா!"

"அவன் வூட்ல பொண்டாட்டி கூப்பிடறா போல, வுடு."

சிரித்தார்களாம். பத்து கிலோமீட்டர் வரை சிரித்தார்களாம். பிறகு நீ சாலையில் கண்ணுக்கே தெரியவில்லை என்றதும்தான் தனபாலின் ஆட்கள் பாட்டிலை வீசிவிட்டுக் குனிந்து மிதித்தார்கள்.

ஏன் செய்தாய்? அந்தக் கேள்வியையும் நான் கேட்கவில்லை.

முடிவுக் கோட்டில் கடிகாரம் பிடிப்பவர்கள் இரண்டு பேர். ஒரு கடிகாரம் தலைவர் கையில். அது அலங்காரத்துக்கு. நீ வந்தபோது அவர் அதை அழுத்தவே மறந்துவிட்டார். இன்னொன்று என் கையில். நீ கோட்டைத் தாண்டியதும் அழுத்தினேன். சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான ஒரு நிமிடம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. ஒரு நிமிடம் ஆனது. ஐந்து விநாடி. பத்து. பத்தும் தாண்டியது, நீ ஜெயித்துவிட்டாய். தனபால் தாண்டியபோது ஒரு நிமிடம் பத்தொன்பது. நாலு நாளும் சேர்த்து ஒன்பது விநாடியில் நீ முதல். தாளில் 1:19 என்று எழுதினேன். நல்ல எழுத்தில்தான் எழுதினேன்.

தலைவர் வந்தார். பின்னால் ஒருவர் தட்டில் பொன்னாடையோடு.

"இன்னாபா, எவ்ளோ?"

"ஒரு நிமிஷம் பத்தொன்பது, தலைவரே. ஏழுமலைதான்."

அவர் பொன்னாடையின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார். "இதுல தனபால்னு இருக்குதே."

"வெறும் பட்டு ஒன்னு போத்திட்டு, அப்பறமா மாத்தி நெய்ஞ்சு குடுக்கலாம்."

"விருந்தினருகிட்ட பேரோட போத்தறோம்னு சொல்லிட்டேன். அவரு பேப்பர்காரங்கள வேற இட்டாந்திருக்காரு." கொஞ்சம் பக்கத்தில் வந்தார். "ஏழுமல யாரு? உன் தங்கச்சி வூட்டுக்காரருதான?"

"ஆமாங்க."

"மச்சான் கையில வாட்ச்சு, மாப்ள ஜெயிச்சுட்டாரு. ஊரு சிரிக்காதா? பேஜாரா பூடும்பா. பத்தொன்பதா, ஒன்பதா, நல்லா பாரு. எனக்கு ஒன்பதுன்னுதான் காதுல வுழுந்துச்சு. ஜல்தி சொல்லு."

அவர் பொய் எழுதச் சொல்லவில்லை. மாப்ள, அதை நான் பல வருடம் யோசித்திருக்கிறேன். அவர் என்னை நன்றாகப் பார்க்கத்தான் சொன்னார். நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை, ஊரைப் பார்த்தேன். பிறகு நடு ஒன்றுக்கு ஒரு வயிறு வரைந்தேன். ஒன்று பூஜ்யமானது. 1:19 என்பது 1:09 ஆனது. கீழே கையெழுத்துப் போட்டேன். தனபால் ஒரே ஒரு விநாடியில் ஜெயித்தார்.

நீ முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டே வந்தாய்.

"எவ்ளோ மச்சான்?"

"ஒன்னு ஒன்பது."

"ஒன்னு ஒன்பதா?"

"ம்."

நீ துண்டைத் தோளில் போட்டாய். பிறகு, "சரி வா, டீ சாப்பிடலாம்" என்றாய். அவ்வளவுதான். அடுத்த வருடம் ரேஸ் நடந்தபோது நீ பஸ் ஓட்டிக்கொண்டிருந்தாய், அதே வந்தவாசி சாலையில். ரேஸுக்காக உன் பஸ்ஸை அரை மணி நிறுத்திவைத்தார்கள்.

அந்த ஒரு விநாடிக்கு என்ன ஆயிற்று தெரியுமா? அது ரேஸின் பெருமை ஆகிவிட்டது. "ஒரே விநாடியில் வெற்றி" என்று ஒவ்வொரு வருடமும் மைக்கில் சொன்னார்கள். பள்ளிக்கூட ஆண்டு விழாவில் சொன்னார்கள். இப்போது கமிட்டிச் செயலாளர் கார்த்திக், நல்ல பையன், கம்ப்யூட்டர் படித்தவன், எனக்குப் போன் செய்து சொல்கிறான்: "சார், அந்த ஒன் செகண்ட் மேட்டரக் கொஞ்சம் மசாலா போட்டு எழுதுங்க. பேனர்லயே போட்டுட்டோம். பெரிசா ஒன்னு, பக்கத்துல விநாடி." வரலாற்றில் நடக்காத ஒரே விநாடி அதுதான். அதற்குத்தான் பேனர்.

அதனால் நேற்று கண்ணமங்கலம் போனேன். தனபால் அங்கேதான் இருக்கிறார். அன்று ஜெயித்ததற்குக் கொடுத்த சான்றிதழை வைத்து விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலைக்குப் போனார், ஓய்வும் பெற்றுவிட்டார். முழங்கால் இரண்டும் போய்விட்டது. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர், என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்து, முடியாமல் சிரித்தார். அவர் வீட்டுக்காரம்மா டீ கொண்டுவந்து கொடுத்தார்.

"ஏழுமல போனது தெரியும் சார். வரணும்னுதான் இருந்தேன். படி ஏற முடியல."

சுற்றி வளைக்காமல் சொன்னேன். அது ஒன்பது இல்லை, பத்தொன்பது.

அவர் டீயைக் குடிக்கவில்லை. கீழேயும் வைக்கவில்லை.

"ஒரு விநாடின்னு நீங்கதான சார் சொன்னீங்க? நான் எண்ணிகினா வந்தேன்? மூச்சு வுட்டுகினு வந்தேன்."

"ஆமா. நான்தான் சொன்னேன்."

"அப்ப நான் ரெண்டாவதா?"

தலையாட்டினேன்.

"தறி ஏறின பின்னாடி ஓட்டினாரு சார் அவரு." குரல் உயர்ந்தது. உள்ளே ஏதோ வேலையாக இருந்த அம்மாள் எட்டிப் பார்த்தார். "நாங்கல்லாம் வழக்கத்துக்குக் கட்டுப்பட்டு சோடா குடிச்சிகினு வந்தோம். முன்னாடியே சொல்லியிருந்தா நானும் ஓட்டியிருப்பேன். உங்களால இல்லன்னு சொல்ல முடியுமா?"

முடியாது. மாப்ள, உன்னால் முடியுமா?

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "என் வேல ஆர்டர்ல அந்த சர்டிபிகேட்தான் சார் இருக்குது. எவனாவது மலரப் படிச்சுட்டு மொட்டக் கடுதாசி போட்டான்னா? பென்ஷன நிறுத்தினாங்கன்னா? இந்த வயசுல நான் எங்க போய் நிக்கறது?"

"விழா மலரை யாரும் படிக்க மாட்டார்கள்" என்று சொல்ல வாயெடுத்தேன். நான் எழுதும் எதைப் பற்றியும் அது பொருந்தும். ஆனால் அந்த மனிதரிடம் வேடிக்கையாகப் பேச வரவில்லை.

பொன்னாடையைப் பற்றி நான் கேட்கவில்லை. அவரும் காட்டவில்லை. பஸ் ஏறப் புறப்பட்டபோது கூப்பிட்டார்.

"எழுதறதுன்னா எழுதுங்க சார். ஆனா நான் ஏமாத்தினேன்னு வந்துரக் கூடாது. நான் யாரையும் ஏமாத்தல."

மேஜையில் இப்போது இரண்டு தாள் இருக்கிறது. ஒன்றில் தனபால் முதல். அது பொய். இன்னொன்றில் நீ முதல். அது நிஜம், ஆனால் படிக்கிறவன் அடுத்த நொடி கேட்பான், "அப்போ தனபால் எப்படி வாங்கினான்?" பதில் சொல்லாவிட்டால் அந்தக் கிழவர் திருடர் ஆகிவிடுவார். நாலு மணி ஆகப்போகிறது. கார்த்திக் இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டான், நான் எடுக்கவில்லை.

தங்கை கலாவிடம் கேட்டுவிட்டு வருகிறேன்.

வந்துவிட்டேன். மணி ஐந்தேகால்.

உன் வீட்டில்தான் இருந்தேன். கலா தட்டில் அரிசியைக் கொட்டிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நின்றபடியே சொன்னேன்.

"கலா, அந்த ரேஸ்ல நான் சொன்னது ஒன்பது இல்ல. பத்தொன்பது."

தலையை நிமிர்த்தவில்லை. "தெரியும்ணா."

"எப்படித் தெரியும்?"

"அவரு சொன்னாரு. அன்னிக்கேதான். 'உங்கண்ணன் ஒன்பதுன்னு சொல்லிட்டு, பேனா மூடிய எங்கெங்கியோ தேடிகினு இருக்காரு, மூடி அவரு காதுலயே சொருவியிருக்குது'ன்னாரு. சொல்லிட்டு அப்படி ஒரு சிரிப்பு சிரிச்சாரு."

"நீ ஏன் என்கிட்ட கேக்கல?"

"நான் கேக்கறேன்னுதான் கெளம்பினேன். தெருவுக்கே வந்துட்டேன். அவருதான் கையப் புடிச்சு வுடல. 'கேட்டின்னா உங்கண்ணன் நம்ம வூட்டுக்கு வராம பூடுவாரு. ரேஸு வருஷா வருஷம் வரும், மச்சான் வருவாரா'ன்னாரு."

அரிசியில் ஒரு கல் கிடைத்தது. எடுத்து வெளியே போட்டாள்.

"இத்தினி வருஷமா என்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே கலா."

"நீயுந்தான் சொல்லல. வந்துகினுதான இருந்த. அது போதும்னு இருந்துட்டாரு."

"இப்ப நான் இன்னா எழுதட்டும்? உன் வூட்டுக்காரர் பேரப் போட்டா தனபால் மாட்டுவாரு."

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். நம் கலாவின் பார்வையைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

"ரெண்டு பேரு பேர வெச்சுகினு இன்னாத்துக்குண்ணா கொழம்பற? மூணாவது பேரு ஒன்னு இருக்குதே. அத எழுத உனக்குக் கை வரல. அதான் இங்க வந்து நின்னுகினு இருக்க."

மாப்ள, ஊரில் உள்ள எல்லாரையும் பற்றி முப்பது வருடம் எழுதியிருக்கிறேன். தலைவரை, விருந்தினரை, பட்டுச் சட்டையை. அந்த வருடத்துத் தாளில் கீழே ஒரு கையெழுத்து இருக்கிறது என்பதை மட்டும் எழுத எனக்குத் தோன்றவே இல்லை. தோன்றாமல் பார்த்துக்கொண்டேன் என்பதுதான் சரி.

இப்படி எழுதினேன்:

'அந்த ஆண்டு முதலில் வந்தவர் ஏழுமலை, ஒன்பது விநாடி வித்தியாசத்தில். நேரத் தாளில் எண்ணைத் திருத்தியவன், அன்று கடிகாரம் பிடித்த நான். பொன்னாடை பெற்ற தனபாலுக்கு இது தெரியாது; அவரிடம் நான் சொன்னதே இப்போதுதான். அவர் மூன்று நாளும் நேர்மையாக ஓட்டினார், நாலாம் நாள் வழக்கத்தை மதித்தார். பிழை முழுவதும் என்னுடையது.' கீழே என் முழுப்பெயர், அப்பா பெயரோடு.

தனபாலுக்குப் போன் போட்டுப் படித்துக் காட்டினேன். "இன்னொருவாட்டி படிங்க சார்" என்றார். படித்தேன். "பென்ஷன் ஆபீஸ்ல கேட்டா?" என்றார். கேட்டால் நானே வந்து சொல்கிறேன், எழுதியும் தருகிறேன் என்றேன். "சரி" என்றார். அந்த 'சரி' எனக்குப் பிடித்த 'சரி' அல்ல. பயத்தோடு சொன்ன 'சரி'. அந்தப் பயத்தையும் நான்தான் கொடுத்தேன். அதற்கு மன்னிப்பு எப்படிக் கேட்பது என்று இன்னும் தெரியவில்லை.

ஐந்து ஐம்பதுக்கு அனுப்பினேன். ஐந்து ஐம்பத்திரண்டுக்குக் கார்த்திக் கூப்பிட்டான்.

"சார், இது ஹிஸ்டரியா, வாக்குமூலமா?"

"உனக்கு எது வேணுமோ அந்தத் தலைப்பப் போட்டுக்கோ."

"கமிட்டில கேட்டா இன்னா சார் சொல்றது?"

"நீ படிச்சியா?"

"படிச்சேன்."

"அவங்களையும் படிக்கச் சொல்லு. பிடிக்கலன்னா மொத்த வரலாறையும் எடுத்துட்டு அந்த எடத்துல விளம்பரம் போடச் சொல்லு. பாதிய மட்டும் எடுக்கக் கூடாது."

பிறகு விசைப்பலகையில் ஏதோ தட்டினான்.

"பக்கத்த லாக் பண்ணிட்டேன் சார். இனிமே யாரு சொன்னாலும் மாத்த முடியாது. பேனர்தான் பேஜாரு." கொஞ்சம் யோசித்தான். "ஒன்னுக்கு மேல சைடுல ஒரு வட்டம் போட்டா ஒன்பது ஆயிடும் இல்ல?"

போடு என்றேன். எண்ணைத் திருத்துவதில் எனக்கு அனுபவம் உண்டு என்றும் சொன்னேன். அவன் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் போனை வைத்துவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை மலர் வெளியாகிறது. திங்கட்கிழமை முதல் நான் தெருவில் நடந்தால் யாராவது மணி கேட்பார்கள். கேட்கட்டும். எனக்குக் கஷ்டமாக இருக்கப்போவது அது அல்ல. உன் வீட்டுப் படியில் கால் வைப்பதுதான். நீ பயந்த மாதிரியே, என் கால் வேறு பக்கம் போகப் பார்க்கும், எனக்குத் தெரியும். இன்று உன் வீட்டுக்குப் போகும்போதே ஒரு தடவை பார்த்தது.

அதனால் உனக்கு ஒரு வாக்கு. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு உன் வீட்டுக்கு வருவேன். அதற்கு அடுத்த செவ்வாயும் வருவேன். கலா கதவைத் திறக்க நேரமானாலும் வாசலிலேயே நிற்பேன்.

கூட்டத்தில் 'வாங்க', தெருமுனை தாண்டினால் 'வாடா' என்று நீ கூப்பிட்ட,
உன் மச்சான்